வைவாவுக்கு வந்த பெண்வீட்டார்

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வான வைவா எங்கள் பக்கத்தில் பாதி தேர்வு, பாதி காதுகுத்து. பொது வைவா என்று பெயர். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளருக்குப் பொன்னாடை, நெறியாளருக்குப் பொன்னாடை, துறைத்தலைவருக்குப் பொன்னாடை, வந்தவர்களுக்கு லட்டு, மிக்சர், காபி. யார் என்ன கேள்வி கேட்பது என்பதைக்கூட முந்தைய நாளே பேசிவைத்துவிடுவார்கள். இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன், எத்தனையோ பேருடைய வைவாவில் மிக்சர் தின்றிருக்கிறேன். ஆனால் என் வைவாவுக்குப் பெண்வீட்டாரை அழைத்து வருவார்கள் என்று மட்டும் கனவிலும் நினைக்கவில்லை.

முதலில் நான் என்ன ஆய்வு செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் குடும்பத்தில் ஒருவருக்கும் அது தெரியாது, உங்களுக்காவது தெரியட்டும்.

நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கச் சிறுகதைகளில் ஒரு கெட்ட பையன் திரும்பத் திரும்ப வருவான். பள்ளிக்கூடத்தில் அடங்கமாட்டான், வீட்டில் பொய் சொல்வான், கடைசியில் ஊரைவிட்டு ஓடுவான் அல்லது செத்துப்போவான். வாத்தியார், பாதிரியார், அப்பா எல்லோரும் கூடி இவனிடம் ஏதோ சரியில்லை என்பார்கள். என்ன சரியில்லை என்று ஒருவரும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். கதை எழுதியவரும் சொல்லமாட்டார், அந்தக் காலத்தில் சொன்னால் அச்சேறாது. நான் சொல்லவந்தது இவ்வளவுதான்: அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு ஆண்கள்மேல் ஆசை. அதைச் சொல்ல ஊருக்கு வாய் வரவில்லை, அதனால் கெட்டவன் என்கிறது. இப்படிப் படிப்பதைக் குயர் வாசிப்பு என்பார்கள். தமிழில் இப்போது பால்புதுமை என்று எழுதுகிறார்கள். இதில் என்ன புதுமை என்று எனக்கு விளங்கவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் இப்படித்தான் இருக்கிறேன்.

என் நெறியாளர் என்னைவிட வயதில் சிறியவர். என் கல்லூரியிலேயே எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்து, எனக்கு முன்னால் பட்டம் வாங்கியவர். நான் அவரை சார் என்பேன், அவரும் என்னை சார் என்பார். நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி. தலைப்பில் குயர் என்ற சொல்லைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“சார், கருத்து எல்லாம் பிரமாதம் சார். அந்த வார்த்தை மட்டும் வேணாமே. பப்ளிக் வைவா. யார் யாரோ வருவாங்க. எதுக்கு சார் வம்பு?”

“வார்த்தையை எடுத்துட்டா கருத்து எங்க சார் இருக்கும்?”

“அது உள்ள இருக்கும் சார். படிக்கிறவன் புரிஞ்சுக்குவான்.”

ஊர் சொல்லாமல் விட்டதைச் சொல்வதுதான் ஆய்வு. அந்த ஆய்விலும் சொல்லாமல் விடு என்கிறார். நான் எவ்வளவோ மல்லுக்கட்டிப் பார்த்தேன். ஒருநாள் அவரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம் தடுமாறும் இளைஞர் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை ஒரே தட்டில் போட்டுவிட்டார். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? நூற்பட்டியலில் இருந்த புத்தகங்களின் பெயரையும் மாற்றிவிட்டது. வெளித் தேர்வாளர் தம் அறிக்கையில், பட்டியலில் உள்ள சில நூல்களை எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். எப்படிக் கிடைக்கும்? அவற்றையெல்லாம் யாரும் எழுதவேயில்லை. மறுபடி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். தலைப்பை மட்டும் திருத்த முடியவில்லை. நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கக் கதைகளில் தடுமாறும் இளைஞர்கள் என்றே பதிவாகிவிட்டது.

இந்தத் தலைப்பைத்தான் என் அக்கா பிடித்துக்கொண்டாள். கெட்டுப்போன பசங்களைத் திருத்துவது பற்றித் தம்பி படிக்கிறான் என்று எங்கள் ஊர் வலங்கைமான் முழுக்கச் சொல்லிவைத்தாள். அத்தான் ஒரு படி மேலே போய் ஃபிளக்ஸ் அடித்துவிட்டார். கோட்டு போட்டு நான் எப்போதோ எடுத்த படம், சுற்றிலும் அக்கா பிள்ளைகளின் படங்கள், கீழே பெரிய எழுத்தில், ‘வழிதவறிய இளைஞர்களை நல்வழிப்படுத்த ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெறும் எங்கள் மாமாவை வாழ்த்துகிறோம்.’ வைவா அன்று காலை கல்லூரி வாசலில் அதைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் நின்று ஒரு மாணவன் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

ஃபிளக்ஸையாவது கழற்றிவிடலாம். அதற்குள் வேனிலிருந்து அக்கா இறங்கினாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. அத்தான் கையில் ஒரு தாம்பாளம். அதில் பழம், வெற்றிலை பாக்கு, மல்லிகைச் சரம். தேர்வாளருக்கு மரியாதை செய்யவா இதெல்லாம் என்று நினைத்தேன்.

“தம்பி, கோச்சுக்காத. திருத்துறைப்பூண்டிலேர்ந்து பொண்ணு வீட்ல வந்துகிட்டிருக்காங்க. பொண்ணும் டீச்சர்தான். இந்த வயசுக்கு மேல ஜாதகம், நாளு, கிழமைன்னு இழுத்துகிட்டு இருக்க முடியுமா? நீ எல்லார் முன்னாடியும் நின்னு பேசறதை அவங்க நேர்லயே பாத்துடுவாங்க. புடிச்சிருந்தா சாப்பாட்டுக்கு அப்புறம் இங்கயே பூ வச்சுடுவோம்.”

“அக்கா, உனக்குப் பைத்தியமா? இது பரீட்சை!”

“பரீட்சை எழுதற பையனை யாரும் பாக்கக்கூடாதுன்னு சட்டமா?”

பூ வைப்பது என்றால் எங்களில் பேச்சு முடிந்தது என்று பொருள். அதற்குப் பிறகு மாப்பிள்ளை மாட்டேன் என்றால் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர். இத்தனை வருடமாக அடுத்த வருடம் பார்க்கலாம், படிப்பு முடியட்டும், வேலை நிரந்தரம் ஆகட்டும் என்று நழுவிக்கொண்டே வந்தவன் நான். இன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குள் வாயைத் திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தலையில் என் அக்கா பூவை வைத்துவிடுவாள்.

அதன் விளைவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாகூரில் ஒருவன் இருந்தான். துணிக்கடைக்காரர் மகன், என்னுடன் படித்தவன். நாங்கள் இரண்டு பேரும் எப்படி இருந்தோம் என்று இங்கே விளக்கப்போவதில்லை, சந்தோஷமாக இருந்தோம். பிறகு துபாய் போனான், ஒரு விடுமுறையில் வீட்டில் நிக்காஹ் முடித்துவைத்தார்கள். அவன் மனைவிக்குத் தான் என்ன குறை வைத்தோம் என்று புரியவேயில்லையாம், ராப்பகலாக அழுகிறாளாம். அவனே போனில் சொன்னான். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கத்திவிட்டு போனை வைத்தேன். கத்துவது சுலபம். நான் மட்டும் யாரிடம் சொல்லியிருந்தேன்?

அம்மா வேனிலிருந்து கடைசியாக இறங்கினாள். அவளுக்கு இந்தக் கூத்து எதிலும் அக்கறை இல்லை. அன்றைக்குப் பார்த்து வயலில் சம்பா நடவு. நடவுக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கும் காலத்தில் கிடைத்த ஆட்களை விட்டுவிட்டு வந்திருக்கிறோமே என்ற ஆத்திரம் முகத்தில் தெரிந்தது. அப்பா போன பிறகு நிலத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். சத்தம் போட்டே பேசிப் பழகியவள். மடையில் தண்ணீர் விடுவதில் தகராறு என்றால் அடுத்த வயல்காரர் அவளுக்குப் பயந்து மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவார்.

“சீக்கிரம் முடிச்சுடுவாங்களாடா?” என்று கேட்டாள்.

ஹாலில் முன்வரிசையில் பேராசிரியர்கள், அடுத்த வரிசையில் என் குடும்பம், அதற்கடுத்து பெண்வீட்டார். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, நிமிர்ந்த முதுகு. அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கையில் போன், முகத்தில் சலிப்பு. இப்படி உட்காரவைக்கப்படுவது அவளுக்குப் புதிதில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

நான் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் நான் எவ்வளவு தைரியசாலி! ஆசை, உடம்பு, ஆணுக்கு ஆண், மறைப்பு, தண்டனை, எல்லாவற்றையும் பட்டவர்த்தனமாகப் பேசினேன். அம்மா புரியாமலேயே பெருமையாக உட்கார்ந்திருந்தாள். அக்கா ஒவ்வொரு ஸ்லைடையும் போனில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். ஆணும் ஆணும் என்று ஆங்கிலத்தில் திரையில் இருந்த ஒரு ஸ்லைடுக்குச் சித்தப்பா கைகூப்பும் படம் அனுப்பியிருந்ததைப் பிறகு பார்த்தேன்.

வெளித் தேர்வாளர் கேட்டார், கதையில் எந்த வரியில் அப்படி இருக்கிறது என்று. இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. எந்த வரியிலும் இல்லை ஐயா, வரியில் இருந்தால் நான் எதற்கு என்று கேட்கத் தோன்றியது. அடக்கிக்கொண்டு, எங்கெல்லாம் வாக்கியம் பாதியில் நிற்கிறது, எங்கெல்லாம் பேச்சு திடீரென்று வானிலைக்குத் தாவுகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் தலையசைத்தார். பேசிவைத்தபடி ஆய்வு மாணவர்கள் கேட்டார்கள், பேசிவைத்தபடி நானும் சொன்னேன். முடியப்போகிறது என்று நெறியாளர் பெருமூச்சு விட்டபோது பின்னாலிருந்து தலைமையாசிரியர் எழுந்தார்.

“தம்பி, எனக்கு ஆங்கிலத்துல கேக்க வராது. முப்பது வருஷம் பிள்ளைங்களோட மல்லுக்கட்டினவன் நான். இந்த மாதிரி வழிதவறின பசங்களைத் திருத்தறதுக்கு உங்க ஆய்வுல என்ன வழி சொல்லியிருக்கீங்க?”

எல்லாம் அந்த ஃபிளக்ஸால் வந்த வினை. நான் தமிழுக்கு மாறினேன். மாறியதுமே தைரியம் போய்விட்டது.

“ஒரு கதை சொல்றேங்க. கோதுமை வெளையற ஊர்ல ஒரு விவசாயி பையன். அறுப்புக்கு வெளியூர்லேர்ந்து கூலிக்கு வந்த ஒருத்தனோட ரொம்ப நெருக்கமாயிடறான். அந்தாளை ஊரைவிட்டுத் துரத்திடறாங்க. பையனை வாத்தியார் அடிக்கிறாரு, அப்பா களஞ்சியத்துல போட்டுப் பூட்டறாரு. பூட்டை ஒடச்சுகிட்டு ஓடிடறான். அதனால பிள்ளைங்களை நாம... கொஞ்சம் அன்பா நடத்தணும்.”

கைதட்டினார்கள். தலைமையாசிரியர் மிகவும் திருப்தியாக உட்கார்ந்தார். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. பல வருடம் படித்து, சண்டை போட்டு எழுதிய ஆய்வு, கடைசியில் பள்ளி ஆண்டுவிழாப் பேச்சாக முடிந்தது.

அப்போது அந்தப் பெண் எழுந்தாள்.

“நானும் தமிழ்லயே கேக்கலாங்களா?”

கேளுங்கள் என்றார் வெளித் தேர்வாளர்.

“அந்தப் பையன் ஓடாம வீட்லயே இருந்திருந்தான்னு வச்சுக்குங்க. அவனுக்கு ஒரு பொண்ணைப் பாத்துக் கட்டி வச்சிருப்பாங்க இல்லீங்களா? அந்தப் பொண்ணு கதி என்ன ஆயிருக்கும்? அதைப்பத்தி நீங்க ஏதாவது எழுதியிருக்கீங்களா?”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அவளுக்கு என் ஆங்கிலம் முழுக்கப் புரிந்திருக்கிறது. நெறியாளர் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை ஆட்டினார். இது ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று சொல்லித் தப்பிக்க எல்லா வைவாவிலும் இடம் உண்டு. அந்த வாக்கியம் என் நாக்கு நுனி வரை வந்தது. அத்தான் மடியில் தாம்பாளம் இருந்தது. அக்கா மல்லிகைச் சரத்தின் வாழைநாரைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“எழுதலீங்க,” என்றேன். “எழுதியிருக்கணும். அந்தப் பையனுக்கு ஆம்பளைங்க மேலதாங்க ஆசை. அது தப்பும் இல்ல, வியாதியும் இல்ல. திருத்தறதுக்கு அவன்கிட்ட ஒண்ணும் இல்லீங்க. அவனுக்கு ஒரு பொண்ணைக் கட்டி வச்சா அந்தப் பொண்ணு தன்கிட்டதான் ஏதோ கொறைன்னு நெனச்சே காலம் பூரா அழும்.” நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. “நானும் அப்படித்தான். நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்.”

அம்மாவின் போன் அடித்தது. டிராக்டர்காரன் அழைக்கிறான் என்று அதுவே பெயர் சொல்லிக் கத்தியது. அம்மா எடுக்கவில்லை. அணைக்கவும் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். வெளித் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு கேள்வி உண்டா என்று கேட்டார். யாருக்கும் இல்லை. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று அறிவித்தார். யாரோ பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள். நெறியாளர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார், முனைவர் ஆன என் தோளில் அது நழுவிக்கொண்டே இருந்தது.

காபி மேசை அருகில் அந்தப் பெண் வந்தாள். அவளுடைய அப்பா வெளியே காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் வேணாம்னு சொல்றது நானாத்தான் இருக்கும். அப்புறம் வீட்ல எனக்குத்தான் வசவு. நீங்க இங்கிலீஷ்ல பேசறதைக் கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. இந்த ஒரு தடவையாவது ஆம்பளை வாயால வரட்டும்னுதான் கேட்டேன்.”

“இத்தனை பேர் முன்னாடியா கேப்பீங்க?”

“இத்தனை பேர் முன்னாடிதான என்னையும் பாக்க வரச் சொன்னாங்க?” என்று சொல்லிவிட்டு ஒரு லட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

திரும்பும்போது வேனில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். எங்க முகத்துல கரியைப் பூசிட்டியே என்று ஒரு முறை மட்டும் சொன்னாள். அத்தான் ஃபிளக்ஸைச் சுருட்டிக் காலடியில் போட்டிருந்தார். எங்கள் வயல் வந்ததும் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். நீயும் இறங்கு என்றாள். வேனை அனுப்பிவிட்டு வரப்பில் விறுவிறுவென்று நடந்தாள். பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். நடவு முடிந்து ஆட்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள்.

“கலக்க நட்டிருக்கியளேடி, இப்படி எடம் விட்டா கோரை மண்டாதா?” என்று அவர்களைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் சிரித்து மழுப்பிவிட்டுப் போனார்கள். வயலில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். அதே குரலில் என் பக்கம் திரும்பினாள்.

“ஏண்டா, அந்தப் பையனுக்கு அம்மா கிடையாதா?”

“எந்தப் பையனுக்கு?”

“அதான், ஓடிப்போனான்னு சொன்னியே. அப்பன் பூட்டி வச்சான், வாத்தியார் அடிச்சாருன்னு எல்லாரையும் சொன்ன. ஆத்தாக்காரி எங்க போனா?”

“அவ இல்லம்மா. கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே செத்துட்டா.”

சொல்லும்போதுதான் உறைத்தது. நான் ஆராய்ந்த கதைகளில் அநேகமாக எல்லாப் பையன்களுக்கும் அம்மா இல்லை. அப்பாக்களைப் பற்றி ஒரு முழு இயல் எழுதியிருந்தேன், வாத்தியார்களைப் பற்றி இன்னொரு இயல். அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. நெறியாளரும் கேட்கவில்லை, தேர்வாளரும் கேட்கவில்லை.

“சரி,” என்றாள் அம்மா. “அவனுக்கு ஆத்தா இல்ல. சொல்லிக்க ஆள் இல்லாம ஓடிட்டான். ஒனக்கு என்னடா? நான்தான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல? ஊரைக் கூட்டி வச்சு மைக்ல சொல்றியே, வீட்டுல சோறு போடறப்ப என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னடா?”

“பயமா இருந்துச்சும்மா.”

“யாரைப் பாத்து? ஊரைப் பாத்தா? ஒங்கக்காளைப் பாத்தா?”

நான் கீழே பார்த்தேன். அம்மா அடுத்து யார் பெயரையோ சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். என் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

“என்னைப் பாத்தாடா?” என்றாள்.

அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதேயில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். அம்மா பட்டுப்புடவையோடு வரப்புச் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.